உட்காந்துச்சு... ஆனா ஓடலை!

இன்ஜினீயரிங் சேர்ந்த பையனுக்கு எங்க ஊர்ல மூணு வேலை கட்டாயம். ஒண்ணு, பக்கத்து வீட்டு மிக்ஸி. ரெண்டு, எதிர் வீட்டு டி.வி. ரிமோட். மூணு, ‘தம்பி, எந்த போன் வாங்கலாம்?’ என்று வருகிற சித்தப்பாக்களுக்கு ஆலோசனை. நான் படிக்கிறது ஈ.சி.ஈ. மூணாவது வருஷம். மிக்ஸியைத் திறக்கத் தெரியும், திருப்பி மூட வராது. அதை ஒத்துக்கிட்டா மானம் போயிடுமே... அதனால திறப்பேன், ரெண்டு நிமிஷம் முறைத்துப் பார்ப்பேன், “காயில் போயிருச்சு அத்தை” என்று சொல்லிடுவேன். பொருள் கெட்டுப்போச்சு, பையன் கெட்டிக்காரன். கதை முடிஞ்சது!

இந்த ‘காயில் போயிருச்சு’ பழக்கம்தான் 2025 செப்டம்பரில் என் வீட்டுக்குள்ளேயே வெடி வைத்தது.

முதல்ல ஊரைச் சொல்லிடுறேன். புளியங்குடி. தென்காசி மாவட்டம். மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியா குற்றாலத்துக்குக் குளிக்கப் போறவங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். மேற்கே மலை, அடிவாரத்தில் தோப்பு, ஊருக்குள் மார்க்கெட். இங்கே ஏலம் போகிற காய் லாரி ஏறி கேரளா வரைக்கும் போகும்.

அப்பாவுக்குத் தோப்பு கிடையாது. மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில் பத்துக்குப் பத்து டிசைனிங் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கமிஷன் கடைகளுக்கு பில் புக்... எல்லாம் டிசைன் பண்ணி, பிரின்ட்டுக்கு சிவகாசிக்கு அனுப்புவார். நான் இதுவரை சாப்பிட்ட சோறு முழுக்க கோரல்டிராவில் வெந்த சோறு!

அந்தக் கடைக்கு உயிர் ஒரே ஒரு கம்ப்யூட்டர். 2017-ல் தென்காசி அண்ணாச்சி ஒருத்தர் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தது. இன்டெல் பென்டியம் ஜி4400 ப்ராசஸர், ஹெச்110 மதர்போர்டு, 4 ஜி.பி. ரேம், ஒரு ஹார்டு டிஸ்க். அப்பாவுக்கும் அண்ணாச்சிக்கும் பழக்கம் என் வயசை விடப் பெரியது. அண்ணாச்சி கடைக்கு முதல் விசிட்டிங் கார்டு டிசைன் பண்ணியது அப்பா. அப்பா கடைக்கு முதல் கம்ப்யூட்டர் மாட்டியது அண்ணாச்சி. ‘முகூர்த்த சீசன் முடியட்டும், மெதுவா குடுங்க’ என்று கடன் சொல்லாமலே கடன் கொடுக்கிற மனுஷன். அவர் மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம் முடிவானதும், “பத்திரிகை நம்ம கையாலதான் அண்ணாச்சி, காசு பேசப்பிடாது” என்று அப்பா வார்த்தை கொடுத்திருந்தார்.

எட்டு வருஷத்தில் மிஷினுக்கு வயசாகிப் போச்சு. ஃபைலை ஓப்பன் பண்ணச் சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வந்தா, பாதி திறந்திருக்கும். இதில் இன்னொரு இடி. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தப் போகிறது என்று நியூஸ். விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல்லில் எட்டாவது தலைமுறை ப்ராசஸராவது இருக்கணும். அப்பாவுடைய பென்டியம் ஆறாவது தலைமுறை.

“புதுசு வாங்கிருவமாடே?” என்று அப்பா போனில் கேட்டார். கேட்ட குரலிலேயே ‘வேண்டாம்னு சொல்லேன்’ என்கிற கெஞ்சல். தங்கச்சி ப்ளஸ் டூ. எனக்கு செமஸ்டர் ஃபீஸ். நான் நெஞ்சை நிமிர்த்தி, “எதுக்குப்பா? ப்ராசஸரை மட்டும் மாத்தினா போதும். நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

‘நான் பாத்துக்கிடுதேன்.’ இந்த ரெண்டு வார்த்தைக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தனி பாலிசி போடலாம்!

1151-ண்ணே!

நான் படிக்கிறது சென்னைப் பக்கம். ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட். போனவங்களுக்குத் தெரியும்... பழைய ப்ராசஸர்களைக் கடலை மிட்டாய் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒரு ஐ5-8400 கண்ணில் பட்டது. எட்டாவது தலைமுறை, ஆறு கோர். அப்பாவுடையதில் ரெண்டே ரெண்டு கோர்தான். செகண்ட் ஹேண்டில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். பத்திரிகையில் எழுதிக் கிடைத்த முதல் காசையும் மெஸ் பில்லில் திரும்பி வந்ததையும் சேர்த்தால் சரியாக இருந்தது.

கடைக்கார அண்ணன் நல்ல மனுஷன். “போர்டு என்ன தம்பி?” என்று கேட்டார்.

“1151-ண்ணே!”

அது சாக்கெட்டின் பெயர். ப்ராசஸர் வந்து உட்காருகிற இடம்தான் சாக்கெட். அதில் இருக்கிற தொடு முனைகளின் எண்ணிக்கையே அதற்குப் பெயர். அப்பாவின் போர்டு எல்ஜிஏ 1151. ஐ5-8400-ம் எல்ஜிஏ 1151. ரெண்டு நம்பரும் ஒண்ணு. பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சு!

“அது சரி, சிப்செட் என்னன்னு பாத்தியா?”

அவர் இப்படிக் கேட்டபோது நான் நின்றிருக்கணும். ஆனா பக்கத்தில் ரெண்டு ஜூனியர் பசங்க நின்னுட்டு இருந்தானுங்க. “அதெல்லாம் பாத்தாச்சுண்ணே” என்று கெத்தாகச் சொல்லி, காசை நீட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் பொதிகை எக்ஸ்பிரஸ். சங்கரன்கோவிலில் இறங்கி, பஸ் பிடித்து ஊருக்கு. சட்டைப் பையில் பஞ்சு வைத்துச் சுற்றிய ப்ராசஸர். நகை வாங்கிட்டுப் போறவன் மாதிரி ரயில் முழுக்க நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வந்தேன்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கியாச்சு. அப்பா டார்ச் அடிக்க, நான் ஆபரேஷன் பண்ண, தங்கச்சி வேடிக்கை பார்க்க... பழைய பென்டியத்தை எடுத்தேன். ஐ5-ஐ வைத்தேன். மூலையில் இருக்கிற முக்கோணக் குறி நேராக நின்றது. ஓரத்து வெட்டுகள் கச்சிதமாகப் பொருந்தின. லீவரைப் போட்டதும் ‘டக்’ என்று உட்கார்ந்தது. பேஸ்ட் தடவி, ஃபேன் மாட்டி, பவர் பட்டனை அமுக்கினேன்.

ஃபேன் சுத்துச்சு. அவ்வளவுதான். ஸ்கிரீன் கறுப்பு.

ரேமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்த்தேன். கேபிளை மாற்றினேன். சாமி கும்பிட்டேன். கறுப்பு. ஒரு மணி நேரம் கழித்து, வேர்க்க வேர்க்கப் பழைய பென்டியத்தைத் திரும்ப மாட்டினேன். உடனே ஆன் ஆகி, ‘வணக்கம்’ போட்டது சனியன்!

“என்னலே ஆச்சு?” என்றார் அப்பா.

ப்ராசஸர் கெட்டது என்று சொன்னால், நான் ஏமாந்துட்டேன் என்று அர்த்தம். தெரியலை என்று சொன்னால், மூணு வருஷ ஃபீஸ் தண்டம் என்று அர்த்தம். வாய் அதுபாட்டுக்குப் பழக்கப்பட்ட ரூட்டில் போனது. “போர்டுதாம்ப்பா கோளாறு. அண்ணாச்சி அன்னைக்கே மட்டமான போர்டைத் தலையில கட்டிட்டாரு.”

காயில் போயிருச்சு அத்தை!

அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் போனை எடுத்தார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. ரொம்பத் தணிந்த குரலில், “இத்தனை வருசப் பழக்கத்துக்கு நீங்க இப்படிச் செஞ்சிருக்கப்பிடாது அண்ணாச்சி” என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “இல்ல, பரவால்ல... வையுங்க” என்று கட் பண்ணிவிட்டார். “போர்டைக் கொண்டாரச் சொல்லுதாரு. எதுக்கு? இருக்கட்டும்” என்றார் என்னைப் பார்க்காமல்.

நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே சென்னைக்கு ரயில் ஏறிட்டேன்.

ரெண்டு பங்காளிகள்

ரெண்டு வாரம் கழித்து பத்திரிகை ஆபீஸில், “இனிமே வரப்போற ப்ராசஸர் எல்லாம் எப்படி இருக்கும்... காலேஜ் பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதேன்” என்றார்கள். ஜாலியாக ஒப்புக்கொண்டேன். இன்டெல் பக்கம் நோவா லேக், ஏஎம்டி பக்கம் ஸென் 6 என்று குறிப்பு எடுத்துக்கொண்டே, பழைய கதைக்குப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, நம்ம ஊர் பங்காளிச் சண்டை தோத்துப்போகும்!

இன்டெல் தொடங்கியது 1968. ஏஎம்டி 1969. ரெண்டையும் ஆரம்பித்தவர்கள் ஃபேர்சைல்ட் என்கிற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். 1981-ல் ஐ.பி.எம். தன்னுடைய பி.சி.யில் இன்டெல் சிப்பைப் போட்டது. ஒரே கடையை நம்பிச் சரக்கு எடுக்க ஐ.பி.எம்.முக்கு பயம். ‘இதே சிப்பைச் செய்ய இன்னொருத்தரும் வேணும்’ என்று கேட்டது. 1982-ல் இன்டெல்லே ஏஎம்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அப்புறம் உறவு கசந்து கோர்ட் படி ஏறியது பெரிய கதை. அந்த வரிசையில் 2009-ல் வழக்கை முடித்துக்கொள்ள இன்டெல் ஏஎம்டிக்குக் கொடுத்தது 125 கோடி டாலர்!

இதில் எனக்குப் பிடித்த காலம் 1990-களின் நடுப்பகுதி. ‘சாக்கெட் 7’ என்று ஒரு போர்டு. அதில் இன்டெல்லின் பென்டியத்தையும் மாட்டலாம், ஏஎம்டியின் கே6-ஐயும் மாட்டலாம், சைரிக்ஸ் என்கிற மூணாவது கம்பெனி சிப்பையும் மாட்டலாம். ஒரே பந்தியில் மூணு பேர்! 1997-ல் பென்டியம் 2 வந்தபோது இன்டெல் ‘ஸ்லாட் 1’ என்று தனி இலை போட்டுக்கொண்டது. ஏஎம்டி 1999-ல் ஆத்லானுக்கு ‘ஸ்லாட் ஏ’ கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், ரெண்டு ஸ்லாட்டின் உடம்பும் ஒண்ணுதான், திருப்பி வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே ஓடுகிற மின்சார இணைப்பு வேற. ஒண்ணோடது இன்னொண்ணில் ஓடாது.

சண்டை போட்டாலும் ஒருத்தரை ஒருத்தர் விட்டதில்லை. இன்டெல் லேப்டாப் வைத்திருக்கிற எத்தனை பேர் உபுன்டு டவுன்லோடு பண்ணும்போது, ஃபைல் பெயரில் ‘ஏஎம்டி64’ என்று பார்த்துவிட்டுக் குழம்பியிருக்கீங்க? 64 பிட்டுக்கு அந்த வழியை முதலில் போட்டது ஏஎம்டி. 2003-ல் அதில் சிப் விட்டது. அடுத்த வருஷமே இன்டெல்லும் அதே வழிக்கு வந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்புறம் ஏஎம்டிக்கு ஏழரை. 2011-ல் வந்த ‘புல்டோசர்’ எடுபடவில்லை. எதிரி படுத்துவிட்டால் ஜெயிக்கிறவனுக்கும் சோம்பல் வரும் போல! 2007 தொடக்கத்திலிருந்து 2017 வரைக்கும் சாதாரண டெஸ்க்டாப்பில் இன்டெல் தந்த உச்சம் நாலு கோர்தான். 2014-ல் லிசா சூ ஏஎம்டியின் தலைமைக்கு வந்தார். 2017 மார்ச்சில் எட்டு கோரோடு ரைசன் வந்து இறங்கியது. அதே வருஷம் அக்டோபரில் இன்டெல் ஆறு கோரோடு எட்டாவது தலைமுறையை இறக்கியது. என் சட்டைப் பையில் வந்த ஐ5-8400 அந்தப் போட்டிச் சூட்டில் பிறந்த பிள்ளை.

அடுத்த வரியைப் படித்தபோது ஹாஸ்டல் ஃபேன் நின்ன மாதிரி இருந்தது.

எட்டாவது தலைமுறைக்கு சாக்கெட் பெயர் அதே 1151. ஆனால் 300 வரிசை சிப்செட் இருக்கிற போர்டு கட்டாயம். 100, 200 வரிசை போர்டுகளில் ஓடாது. கோர் அதிகமானதால் மின்சாரம் அதிகம் வேணும் என்று, சும்மா விட்டு வைத்திருந்த முனைகளில் சிலதை மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் மாற்றிவிட்டார்கள். உடம்பு பொருந்தும், உட்காரும், லீவர் ‘டக்’ என்று விழும். ஓடாது.

ஹெச்110 எந்த வரிசை? 100.

போர்டு நல்ல போர்டு. ப்ராசஸர் நல்ல ப்ராசஸர். ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணன் ‘சிப்செட் என்ன’ என்று கேட்டது இதைத்தான். தென்காசி அண்ணாச்சி யார் தலையிலும் எதையும் கட்டவில்லை.

ஆயுத பூஜை

அக்டோபர் 1 ஆயுத பூஜை. முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டேன். வீட்டில் ‘ஃப்ரெண்டைப் பாத்துட்டு வாரேன்’ என்று புளுகிவிட்டு (கடைசிப் புளுகு, சத்தியமா!) காலையில் தென்காசி பஸ் ஏறினேன். சொக்கம்பட்டி, கடையநல்லூர் என்று ஒவ்வொரு ஸ்டாப் தாண்டும்போதும் வயிற்றைக் கலக்கியது. தென்காசி கோபுரம் கண்ணில் பட்டதும், அப்படியே குற்றாலத்துக்கு ஓடி அருவியில் நின்னுடலாமா என்றுகூடத் தோணுச்சு.

தென்காசி என்றால் இப்போ எல்லாரும் மத்தளம்பாறை ஸோஹோவைப் பற்றிப் பேசுவாங்க. அண்ணாச்சி கடை அந்தப் பக்கமெல்லாம் இல்லை. சந்துக்குள்ளே ஒரு மாடிப்படிக்குக் கீழே. உள்ளே கேபினெட் எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாடே. அப்பா சொகமா இருக்காரா?” என்றார். அவ்வளவு சாதாரணமா. அதுதான் தாங்க முடியலை.

எல்லாத்தையும் சொன்னேன். 1151-ல் ஆரம்பித்து மட்டமான போர்டு வரைக்கும். அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே முப்பது வருஷ ப்ராசஸர். சாக்கெட் 7 காலத்து கே6, கார்ட்ரிட்ஜ் மாதிரி பென்டியம் 2, முள்ளெல்லாம் வளைந்த ஆத்லான்... மியூசியம்!

“ஏல, தோப்புல இருக்க த்ரீ ஃபேஸ் மோட்டாரைக் கொண்டாந்து வீட்டு லைன்ல குடுத்தா ஓடுமா? மோட்டாரும் நல்ல மோட்டாரு. வீட்டு லைனும் நல்ல லைனு. ரெண்டும் சேராது. அவ்வளவுதாம் விஷயம். இதைத் தெரியாம வந்து நிக்கது நீ ஒருத்தன் இல்ல. எங்கிட்டயே வாரத்துக்கு ஒருத்தன் வாரான்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “ஆனா அவனுவ யாரும் என்னைய மட்டமான ஆளுன்னு சொல்லல” என்றார்.

நான் குனிந்துகொண்டேன்.

அவரே டீ வாங்கிவரச் சொல்லி, அவரே பேச்சை மாற்றினார். “ஒரு வகையில நீ சொன்னதுல நியாயம் இருக்குன்னு வச்சுக்க. அன்னைக்கு நான் ஏஎம்டி போர்டு போட்டிருந்தா உங்கப்பாவுக்கு இந்தத் தொல்லையே இல்ல” என்றார்.

ஏஎம்4 என்கிற ஏஎம்டி சாக்கெட் 2016-ல் வந்தது. 2017-ன் முதல் ரைசன் தொடங்கி 2020-ன் ரைசன் 5000 வரை எல்லாம் அதே சாக்கெட்தான். இதுவும் சும்மா நடந்துவிடவில்லை. 2020 மே மாதம் ஏஎம்டி, ‘அடுத்து வர்ற ஸென் 3 ப்ராசஸர்கள் 500 வரிசை போர்டில் மட்டும்தான் ஓடும்’ என்று அறிவித்தது. போர்டில் பயாஸ் இருக்கிற சிப்பில் பல போர்டுகளுக்கு 16 எம்.பி. இடம்தான், எல்லா ப்ராசஸர் விவரத்தையும் அதில் அடைக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். நம்பி பி450 வாங்கியிருந்தவர்கள் உலகம் முழுக்கக் கொதித்துவிட்டார்கள். ரெண்டே வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. 400 வரிசைக்கும் வழி கிடைத்தது. 2022-ல் 300 வரிசை போர்டுகளுக்கும் கிடைத்தது. அதாவது 2017-ல் வாங்கிய மலிவு போர்டில், பயாஸை அப்டேட் பண்ணிவிட்டு, மூணு தலைமுறை தாண்டின ப்ராசஸரை மாட்டலாம்!

“பின்ன ஏன் அண்ணாச்சி நீங்க அதைப் போடலை?” என்று கேட்டேன்.

“மொதல்ல வந்த ரைசன் எதுலயும் கிராஃபிக்ஸ் கிடையாது தம்பி. கார்டு தனியா வாங்கணும். கிராஃபிக்ஸோட வந்தது 2018-லதான். உங்கப்பா கையில இருந்த காசுக்கு இந்த பென்டியம்தான் அமைஞ்சுது. எந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கு என்ன செய்வான்னு எனக்குக் கனவா வரும்? அன்னைக்கு உள்ளதுக்கு அன்னைக்கு எது சரியோ, அதைத்தான் போட்டேன்.”

‘மட்டமான போர்டைத் தலையில கட்டிட்டாரு’ என்று நான் ஒரு நொடியில் சொன்னதற்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருந்திருக்கிறது.

வேலை முடிஞ்சது, ஆனா...

அண்ணாச்சி எழுந்து ஒரு அட்டைப் பெட்டியைத் துழாவினார். செகண்ட் ஹேண்ட் ஹெச்310 போர்டு. 300 வரிசை. “உன் ஐ5 இதுல ஓடும். பழைய ரேமும் இதுக்குச் சேரும், டிடிஆர்4தான். கூட ஒரு 4 ஜி.பி. போட்டுக்க. பழைய போர்டையும் பென்டியத்தையும் எனக்குக் குடுத்துரு, யாராவது பில்லிங் கடைக்குக் கேப்பாவ. மிச்சம் ரெண்டாயிரம் குடு, மெதுவா குடு” என்றார். அப்புறம் ஒரு குட்டி எஸ்.எஸ்.டி.யைக் காட்டினார். “உங்கப்பா மிஷின் டீ குடிக்கப் போற அளவுக்கு நின்னதுக்குப் பாதிக் காரணம் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கு. இதை மொதல்ல மாத்தியிருந்தாலே பறந்திருக்கும். வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா.”

விண்டோஸ் கெடுவைப் பற்றிக் கேட்டேன். “ஒரு வருசம் நீட்டிக்கவும் வழி குடுத்திருக்கான்டே. அதுக்குள்ள ஊரே இடிஞ்சு விழுந்த மாதிரி பதறாத” என்று சிரித்தார்.

கிளம்பும்போது, “அப்பாட்ட நீங்க ஒரு போன்...” என்று இழுத்தேன்.

“நான் பேசுனா நல்லாருக்காது. பேச வேண்டியது நீ” என்றார். கூடவே மகள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். “நேர்ல வந்து வைக்கணும்னுதான் இருந்தேன். எப்படி வாரதுன்னு யோசனையாவே போச்சு.”

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டிருந்தது. வேற யாரோ டிசைன் பண்ணியது.

அன்று சாயங்காலம், பூஜை முடிந்து கடையில் பொரி கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். அப்பா அடிக்கிற டைப் இல்லை. “போர்டு கெட்டதுன்னு நீயாத்தானே சொன்ன? நான் கேக்கக்கூட இல்லையே?” என்றார். ஆமாப்பா என்றேன். “தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் என்னடே செய்திருப்பேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை அப்பா ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு தென்காசி பஸ்ஸில் ஏறினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் ரெண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். அண்ணாச்சியே உட்கார்ந்து போர்டை மாட்டினார். நான் டார்ச் அடித்தேன். பவர் பட்டனை அமுக்கி பத்து செகண்டுக்குள் ஸ்கிரீன் வந்துவிட்டது. கோரல்டிரா திறந்தபோது அப்பா, “இனிமே டீக்கு எப்பம் போக?” என்றார். மூணு பேரும் சிரித்தோம்.

ராத்திரி கடை சாத்தும்போது, அப்பா அந்தக் கல்யாணப் பத்திரிகையை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணமகள் பெயரில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியாக இல்லை. ஓரத்து மயில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. விரலால் அந்த மயிலை ஒரு தடவை நேராக்குகிற மாதிரி தடவினார். ஒண்ணும் சொல்லாமல் பீரோவில் வைத்துவிட்டார். போர்டை மாற்றியாச்சு. அந்தப் பத்திரிகையை மாற்ற முடியவில்லை.

வாங்கறதுக்கு முன்னாடி...

மக்கா, நான் கட்டின ஃபீஸ் உங்களுக்கு ஃப்ரீயா கிடைக்கட்டும். ப்ராசஸர் வாங்கும்போது சாக்கெட் நம்பரோடு நிறுத்தாதீங்க. போர்டின் சிப்செட் பெயரைப் பாருங்க. அந்தப் போர்டைச் செய்த கம்பெனியின் பட்டியலில் உங்க ப்ராசஸர் பெயர் இருக்கான்னு பாருங்க. எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும்னு அதிலேயே போட்டிருக்கும். பழைய பயாஸோடு இருக்கிற ஏஎம்4 போர்டில் ரைசன் 5000-ஐ மாட்டினாலும் ஸ்கிரீன் கறுப்புதான். முதலில் அப்டேட் பண்ணணும். இன்டெல் 1200 சாக்கெட்டிலும் இதே கண்ணி உண்டு. ஹெச்410, பி460 போர்டுகள் பத்தாவது தலைமுறைக்குச் சரி, பதினொண்ணாவதுக்கு ஆகாது.

புதுசா வாங்கறவங்க இன்னொண்ணையும் யோசிங்க. இன்டெல்லின் 1700 சாக்கெட் 2021-லிருந்து பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு என்று மூணு தலைமுறைக்கு வந்தது. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851 என்று மாறிவிட்டது. ஏஎம்டியின் ஏஎம்5 2022-ல் வந்தது; அதற்கு டிடிஆர்5 ரேம் மட்டும்தான் சேரும். 2027 வரையிலும் அதற்குப் பிறகும் அதை ஆதரிப்போம் என்று 2024-ல் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. சொன்னதைச் செய்கிறார்களா என்று கண்காணிக்க வேண்டியது நாம்தான். 2020 மே மாதத்தை மறக்காதீங்க. ரெண்டு பங்காளிகளும் 2024 அக்டோபரில் எக்ஸ்86-ஐக் காப்பாற்ற ஒரே குழுவில் சேர்ந்து கைகுலுக்கிவிட்டார்கள் என்பது கூடுதல் தகவல். அவங்களே பேசிட்டாங்க!

போன தடவை ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டு அத்தை மிக்ஸியோடு வந்தார். வழக்கம்போல வாங்கினேன். திருப்பிப் பார்த்தேன். ‘கா...’ என்று வாய் திறந்துவிட்டது.

“எனக்கு இது தெரியாது அத்தை” என்றேன்.

அத்தை ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். “இதை மூணு வருசத்துக்கு மின்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா? உன் பேச்சைக் கேட்டு ரெண்டு மிக்ஸிய எடைக்குப் போட்டுட்டேன்!”